‘சர்வர் லேக்’ என்று கத்துவதற்கு முன்

முதல் வளைவில் நாலு கார் முட்டிக்கொண்டால் போதும், அடுத்த நொடியே சாட்டில் “சர்வர் லேக்” என்று வந்து விழும். பெரும்பாலும் சர்வர் பாவம், அது ஒன்றும் செய்திருக்காது. அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய சிமுலேட்டரில் லீக் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற சிம்களில் அமைப்புகளின் பெயர்கள் மாறும், நோய் ஒன்றுதான்.

சர்வரை எங்கே வைப்பது? சென்னை, பெங்களூரு, கொச்சி ஆட்கள் என்றால் மும்பை. சிங்கப்பூர், மலேசியா ஆட்களும் பாதிக்குப் பாதி இருந்தால் சிங்கப்பூர். சென்னையிலிருந்து அங்கே நேரடிக் கடலடிக் கேபிள் உண்டு. ஆனால் எல்லா இணைய நிறுவனமும் அந்த வழியில் அனுப்பும் என்று சொல்ல முடியாது. வரைபடத்தை நம்பாமல் ஆளாளுக்குப் பிங் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் ரேஸ் நடக்கிற இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும். காலையில் எல்லார் லைனும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் சர்வர் ஓட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள்.

வாடகை சர்வர் லினக்ஸ் என்றால், பயிற்சி ஓட்டம் நடக்கும்போது ‘டாப்’ கட்டளையைப் போட்டு ‘எஸ்டி’ என்ற எண்ணைப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய சிபியு நேரத்தைப் பக்கத்து வாடகைக்காரர் எவ்வளவு தின்கிறார் என்பதை அது சொல்லும். பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் சரி. அடிக்கடி ஏறினால் சண்டை போடாமல் வேறு சர்வருக்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு காரின் நிலையும் விநாடிக்கு எத்தனை முறை போய்வர வேண்டும் என்கிற அமைப்பு. வழக்கமாக 18 ஹெர்ட்ஸ் இருக்கும். “30 வைத்தால் இன்னும் சீராக ஓடும்” என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கார் என்றால், ஒவ்வொருவருக்கும் மற்ற 11 பேரின் நிலை 18 முறை, ஆக விநாடிக்கு 2,376 தகவல். 24 கார் என்றால் 9,936. கார் இரு மடங்கானால் சுமை நாலு மடங்கைத் தாண்டுகிறது. இருபது காருக்கு மேல் என் லீக்கில் 18-ஐ யாரும் தொடக் கூடாது.

இனி எல்லாரும் தடுமாறுகிற இடம்: லேக் யாருடையது?

அசெட்டோ கோர்சா சர்வர் காரை ஓட்டிப் பார்ப்பதில்லை. இயற்பியல் கணக்கு முழுக்க அவரவர் கம்ப்யூட்டரில், விநாடிக்கு 333 முறை நடக்கிறது. சர்வர் தபால்காரர் மாதிரி, நிலையை வாங்கி மற்றவர்களிடம் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. தபால் தாமதமானால் உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. எதிராளி கடைசியாகப் போன வேகத்திலேயே போகிறார் என்று ஊகித்துக் காரை நகர்த்தும். நேர்ச்சாலையில் இந்த ஊகம் பலிக்கும். மோன்சா தடத்தின் முதல் சிக்கேனுக்கு முன்னால், உங்களுக்குப் பின்னே வரும் அவர் பிரேக்கை மிதித்துவிட்டார், அந்தச் சேதி இன்னும் வரவில்லை என்றால்? மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் 100 மில்லி விநாடிக்குள் ஒரு கார் 7 மீட்டர் போய்விடும், ஒரு காரின் நீளத்துக்கும் மேலே. உங்கள் திரையில் அவர் உங்கள் முதுகில் ஏறியிருப்பார். அவர் திரையிலோ இடைவெளி விட்டு ஒழுங்காகப் பிரேக் போட்டிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை.

அதனால் சாட்டில் முதலில் கேட்க வேண்டியது, “யாருக்கு, எந்தக் கார் குதிக்கிறது?” ஒரே கார் எல்லார் திரையிலும் குதித்தால் கோளாறு அந்த ஓட்டுநரிடம். எல்லாக் காரும் ஒருவர் திரையில் மட்டும் குதித்தால், புகார் சொல்கிறவரிடமே. எல்லார் திரையிலும் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் குதித்தால் மட்டும் சர்வரைத் திறந்து பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பஞ்சாயத்து முடிந்துவிடும்.

ஆள் யார் என்று தெரிந்தபின், அவரை இரண்டு விண்டோவில் தொடர் பிங் ஓடவிடச் சொல்லுங்கள். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, இன்னொன்று சர்வருக்கு. ரவுட்டர் பிங்கே 2 மில்லி விநாடியிலிருந்து 80-க்குத் தாவினால் குற்றவாளி வைஃபை, கேபிள் போட்டாக வேண்டும். “என் வைஃபை ஃபைவ் ஜிகாஹெர்ட்ஸ் அண்ணா” என்பார்கள். கேபிள்தான், தம்பி. ரவுட்டர் அமைதியாக இருந்து சர்வர் பிங் மட்டும் தாவினால், வீட்டில் யாரோ வீடியோ ஏற்றுகிறார்களா, இவரே ரேஸை நேரலை விடுகிறாரா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பினால் காரின் தகவல் வரிசையில் காத்துக் கிடக்கும். நேரலையின் பிட்ரேட்டை அப்லோடு வேகத்தில் பாதிக்குக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டு பிங்கும் சுத்தம், ஆனாலும் கார் குதிக்கிறதா? திரையில் சிபியு 99 சதவீதத்தைத் தாண்டியது என்ற எச்சரிக்கை வருகிறதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கினால் தகவல் தாமதமாகத்தான் கிளம்பும். பார்க்கிறவர்களுக்கு அதுவும் லேக்தான். காரின் கண்ணாடியில் தெரியும் காட்சியின் தரத்தைக் குறைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

விதிமுறையில் “பிங் 150-க்கு மேல் அனுமதி இல்லை” என்று எழுதாதீர்கள். அசையாமல் 170-ல் நிற்கிறவரை நம்பிப் பக்கத்தில் ஓட்டலாம். 40-க்கும் 200-க்கும் இடையே ஆடுகிறவர் பக்கத்தில் ஓட்ட முடியாது. பிங் எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு வரம்பு வையுங்கள். தகுதிச்சுற்றில் வரம்பை மீறினால் பிட் லேனிலிருந்து புறப்பாடு, நண்பனாக இருந்தாலும் சரி.

மோதல் புகார் வந்தால் இருவருடைய ரீப்ளேயும் வேண்டும். ஒருவருடையது மட்டும் வந்தால் நான் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை.