ரமாபாய் கற்ற ஆங்கிலம்

ஆங்கிலத் தேர்வு நெருங்குகிறது, நேரமோ குறைவு, வீட்டில் உதவுவோரும் இல்லை. இந்நிலையில் இருக்கும் மாணவர் எங்கும் உண்டு. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் புனே நகரில், இதைவிடக் கடினமான சூழலில், வீட்டிலிருந்தபடியே ஆங்கிலம் கற்ற ஒரு பெண்மணி இருந்தார். அவர் ரமாபாய் ரானடே.

எழுத்தறியாச் சிறுமி

ரமாபாய் 1862ஆம் ஆண்டு பிறந்தார். 1873ஆம் ஆண்டு மகாதேவ் கோவிந்த் ரானடேவுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. ரானடேவுக்கு வயது 31. ரமாபாய்க்கு வயது 11. சிறு வயதிலேயே பெண்களுக்கு மணம் முடிப்பது அக்கால வழக்கம். பெண் எழுதப் படிக்கக் கற்றால் குடும்பத்திற்குக் கேடு வரும் என்ற அச்சமும் அன்று பலரிடம் இருந்தது. எனவே ரமாபாய் புகுந்த வீட்டிற்கு வந்தபோது தாய்மொழியான மராத்தியின் எழுத்துகளைக்கூட அறியாதவராக இருந்தார்.

ரானடே அப்போது புனேயில் சார்பு நீதிபதி. பகல் முழுவதும் நீதிமன்றப் பணி, மாலையில் பொதுப்பணி. எஞ்சிய இரவு நேரத்தில் மனைவிக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். முதலில் மராத்தி எழுத்துகள்; பின்னர் மராத்தி நூல்கள்; அதன் பின்னரே ஆங்கிலம். தாய்மொழியில் காலூன்றிய பிறகு பிறமொழிக்குச் சென்றதால், கற்றது சிதறவில்லை.

பாடமும் பகையும்

ரமாபாய்க்கு மொழியைவிடக் கடினமாக இருந்தது வீட்டின் சூழலே. மூத்த பெண்கள் அவருடைய படிப்பை விரும்பவில்லை. ஏளனம் செய்தனர், கடிந்தனர், பேசாமலும் ஒதுக்கினர். பகலெல்லாம் அவர்களோடு வீட்டு வேலை செய்தவர், இரவில் பாடம் படித்தார். அவர் எதிர்த்துப் பேசவில்லை, படிப்பையும் விடவில்லை.

1878ஆம் ஆண்டு ரானடே நாசிக்கிற்கு மாற்றப்பட்டார். கூட்டுக்குடும்பத்தின் கண்காணிப்பு அங்கு இல்லாததால் ரமாபாயின் ஆங்கிலக் கல்வி விரைந்து வளர்ந்தது. பின்னர்ப் புனேயில் ஹர்ஃபோர்டு என்ற ஆங்கிலப் பெண்மணி அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். வேற்று மதத்தவரைத் தொட்டால் தீட்டு என்று வீட்டார் கருதியதால், பாடம் முடிந்ததும் குளித்த பின்னரே ரமாபாய் வீட்டு வேலைகளில் ஈடுபட முடிந்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் அவர் கொடுத்த விலை அது.

புனேயில் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ரானடேவும் நண்பர்களும் முயன்றனர். அதற்காக நடந்த கூட்டத்தில் ரமாபாய் ஆங்கிலத்தில் உரை படித்தார். அவர் எழுதிய தேர்வு இதுதான் எனலாம். வினாத்தாள் இல்லை, மதிப்பெண் இல்லை, ஆனால் அவை முழுவதும் கேட்டிருந்தது. வீடு திரும்பியதும் கிடைத்தது பாராட்டு அன்று, ஏச்சே. ஆயினும் 1884ஆம் ஆண்டு அப்பள்ளி தோன்றியது. 'ஹுஜூர்பாகா' என்ற பெயரில் இன்றும் அது புனேயில் இயங்குகிறது.

கண்பார்வை குன்றிய கணவருக்கு நாளிதழ்களையும் கடிதங்களையும் ரமாபாயே பின்னாளில் படித்துக் காட்டினார். 1901இல் ரானடே மறைந்தார். அதன்பின் ரமாபாய் 1909இல் புனே சேவாசதனத்தை உருவாக்கிப் பல பெண்கள் கல்வியும் செவிலியர் பயிற்சியும் பெற வழிவகுத்தார். 1910இல் தம் வாழ்க்கை நினைவுகளை மராத்தியில் நூலாக வெளியிட்டார். எழுத்தறியாது வந்த சிறுமி நூலாசிரியரானார்.

குறைந்த நேரத்தில் தேர்வுக்கு ஆயத்தம்

ரமாபாய்க்கு இல்லாத தேர்வு இன்றைய மாணவர்க்கு உண்டு. ஒரு பாடத்தைப் புறக்கணித்தால் பேரறிவாளரும் இடறுவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்ற கணிதமேதை இராமானுஜன் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகையை இழந்தார்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வு 3 மணி நேரம்; 80 மதிப்பெண். படித்துணர்தலுக்கு 20, இலக்கணத்திற்கும் எழுத்துப் பயிற்சிக்கும் 20, இலக்கியத்திற்கு 40 மதிப்பெண்கள். வாரம் இரண்டு மணி நேரமே தனிப்பயிற்சிக்குக் கிடைக்குமாயின், ஆசிரியரே பேசி அந்நேரத்தைக் கழித்தல் பயன் தராது. மாணவர் எப்பகுதியில் தவறுகிறார் என்பதைப் பழைய வினாத்தாள் ஒன்றால் முதலில் அறிதல் வேண்டும். பின்னர், மாணவரே ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தல், அதன் பொருளைத் தம் சொற்களில் கூறுதல், கடிகாரம் பார்த்து ஒரு கடிதம் எழுதுதல், பிழைகளை அன்றே திருத்தி மீண்டும் எழுதுதல் என நேரத்தைப் பகுத்துக்கொள்ளலாம். ஏனைய நாள்களில் அரைமணி நேரம் மாணவர் தாமே பயில வேண்டும். ஆசிரியர் வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் புத்தகம் மொழியைத் தராது. இரவுதோறும் சிறிது நேரம் என்பதே ரமாபாயின் வழி.

சொற்பொருள்
ஆயத்தம் – முன்னேற்பாடு
இடறுதல் – தடுமாறுதல்
ஏச்சு – வசைமொழி
குன்றிய – குறைந்த

குறுவினா
1. ரமாபாய் ஆங்கிலத்திற்கு முன் எம்மொழியைக் கற்றார்?
2. நாசிக்கில் அவருடைய கல்வி விரைந்து வளர்ந்தது ஏன்?
3. இராமானுஜன் உதவித்தொகையை இழந்ததன் காரணம் யாது?

பிரித்து எழுதுக
எழுத்தறியா, கூட்டுக்குடும்பம், நூலாசிரியர்

சிந்தித்து எழுதுக
1. வீட்டாரின் ஏளனத்திற்கு ரமாபாய் மறுமொழி கூறாமல் இருந்தது சரியா? நும் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. நும் இல்லத்தில் கல்வி கற்கும் வாய்ப்பை இழந்த மூத்தோர் ஒருவரிடம் உரையாடி, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.