பயிற்சி டாக்டரிடம் அத்துமீறினால் யார் பேச வேண்டும்?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். ஆண்கள் வார்டில் ஊசி போடப் போனபோது, ஒரு நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு கொச்சையாகப் பேசினார். கூட இருந்த சீனியர், ‘கண்டுக்காதம்மா, அடுத்த பெட்டைப் பாரு’ என்று நகர்ந்துவிட்டார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தியா?

பதில்: சேர்த்தியே இல்லை. அந்த நோயாளியைவிட உங்கள் சீனியர் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். ‘இவங்க உங்களுக்கு வைத்தியம் பாக்கிற டாக்டர். கையை எடுங்க, இப்படிப் பேசக் கூடாது’ என்று அவர் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வயதும் பதவியும் உள்ளவர் சத்தம் போடாமல் இதைச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். அதையே நீங்கள் சொன்னால் ‘சின்னப் பொண்ணு எதிர்த்துப் பேசுது’ என்பார்கள். சீனியர் இல்லாத நேரமென்றால் கையை விடுவித்துக்கொண்டு விலகுங்கள்; ஸ்டாஃப் நர்ஸை அழைத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் தெளிவாக இருந்தாரா? குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆனவர் வேர்த்து, கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே, கிட்டே வருபவரைப் பிடிக்கலாம், அடிக்கலாம். சர்க்கரை சட்டென்று இறங்கியவரும் அப்படி நடந்துகொள்ளலாம். அது நோய், உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தெளிவாக இருந்தவர் என்றால் அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், படுக்கை எண், பக்கத்தில் இருந்தவர்கள், அவர் பேசிய வார்த்தைகள் அப்படியே. ‘தகாத முறையில் பேசினார்’ என்று மழுப்பினால் புகார் வலுவிழந்துவிடும். யூனிட் சீஃபுக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கும் கொடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடமும் தரலாம். பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் உங்களைக் காப்பது நிர்வாகத்தின் கடமை என்கிறது அந்தச் சட்டம். கைநீட்டி அடித்தால், மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2008 சட்டம் இருக்கிறது: மருத்துவ மாணவர்களுக்கும் பொருந்தும், அடித்தவருக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே போலீஸில் புகார் பதிய வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறையும் உத்தரவிட்டது. ஸ்டேஷனுக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை.

அந்த நோயாளிக்கான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆனால் அதை நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. வேறு படுக்கைகள் தரச் சொல்லி சீஃபிடம் கேளுங்கள். இப்படிக் கேட்டால் பயிற்சி லாக் புக்கில் கையெழுத்து போட மறுப்பார்களோ என்ற பயம் இருந்தால் எனக்குப் புரிகிறது. பேட்ச்மேட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.