பச்சைப்பயறு கடைசல்: பதமாக வர 14 குறிப்புகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் பச்சைப்பயறு கடைசல் வைத்தால் அன்றைக்குத் தனியாகப் பொரியல், கூட்டு என்று எதுவும் தேவைப்படாது. சுடுசோற்றில் ஊற்றி, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வயிறும் நிறையும், உடம்புக்கு வேண்டிய புரதமும் சேரும். செய்வதும் எளிது. எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசை மட்டும் தவறக் கூடாது.

1. கடையில் வாங்கும்போது பயறைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டு இட்ட முட்டை. ஓட்டை தெரிந்தால் வண்டு தின்றுவிட்டு வெளியேறிவிட்டது. சுருங்கி நிறம் மங்கிய பழைய பயறு எத்தனை விசில் விட்டாலும் சரியாக மசியாது. அதனால் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.

2. வாங்கி வந்த பயறை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கொஞ்சமாக இருந்தால் காற்றுப்புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுக்கலாம். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

3. நான்கு பேருக்கு 200 கிராம் பயறு போதும். அதற்குச் சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, பூண்டு 6 பல், வரமிளகாய் 4, மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருப்பதால், ஆளுக்கு ஏறக்குறைய 11 கிராம் கிடைத்துவிடும். காய்கறி விலை ஏறும் நாளிலும் கை கொடுக்கிற சாப்பாடு இது.

4. ஊறவைக்க மறந்துவிட்டால் கவலை வேண்டாம். வெறும் சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, வாசம் எழுந்து பயறு லேசாகச் சிவக்கும்வரை வறுத்து, கழுவி வேகவையுங்கள். கடைசலுக்குத் தனி மணம் தருவது இந்த வறுவல்தான். கருகினால் கசந்துவிடும், அடுப்பை விட்டு நகராதீர்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் செய்யும்போது வறுக்காமல் 6 மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் இன்னும் குழைவாக இருக்கும்.

5. ஊறவைத்த பயறைக் கையால் துழாவிப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் உப்பாமல் கல் போலவே கிடக்கும். அவை குக்கரிலும் வேகாமல் பல்லைப் பதம் பார்த்துவிடும். பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

6. வறுத்த பயறு ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. மிதமான தீயில் 4 அல்லது 5 விசில். ஊறிய பயறுக்கு மூன்று பங்கு தண்ணீரும் 3 விசிலும் போதும். பயறு நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை வால்வை அடைத்துக்கொள்வது ஆபத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

7. பயறு வேகும் முன் தக்காளியோ புளியோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பயறு இளகாமல் இறுகிவிடும். பாத்திரத்தில் வேகவைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விரலால் நசுக்கினால் மாவாக மசிகிற பதம் வந்த பிறகுதான் புளிப்பும் உப்பும்.

8. சில ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதில் பயறு வேக நேரமாகும். சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பு போடும் பழக்கம் உண்டு; அது பயறிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். அதற்குப் பதில் குடிதண்ணீரில் வேகவையுங்கள், அல்லது கூடுதலாக இரண்டு விசில் விடுங்கள்.

9. பயறு வேகும் நேரத்தில் இன்னொரு அடுப்பில் மசாலாவை முடித்துவிடலாம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் மல்லி, சீரகம், வரமிளகாயை முதலில் பொரிய விடுங்கள். பிறகு பூண்டு, வெங்காயம், கடைசியாகத் தக்காளி. தக்காளியின் பச்சை வாசனை போகக் கரைந்ததும் இறக்கி ஆறவிட்டு, கொரகொரப்பாக அரையுங்கள். பெரிய வெங்காயத்தில் சின்ன வெங்காயத்தின் இனிப்பு வராது.

10. பயறை மிக்ஸியில் போடாதீர்கள். பசை மாதிரி ஆகிவிடும். மசாலாவைப் பயறோடு கலந்து, மண்சட்டியில் வைத்து மத்தால் கடையுங்கள். பாதிப் பயறு மசிந்தும் மீதி தோலோடு வாயில் தட்டுப்பட்டும் இருப்பதே பதம். பச்சைத் தோலில் நார்ச்சத்து நிறைய இருக்கிறது; அதை வடிகட்டி நீக்க வேண்டாம். மத்து இல்லாதவர்கள் கனமான கரண்டியின் அடிப்பாகத்தால் மசிக்கலாம்.

11. கடைந்ததும் உப்பு போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, துளி பெருங்காயம் தாளித்துக் கொட்டி உடனே மூடி வையுங்கள். மணம் உள்ளேயே தங்கும். ஆற ஆறக் கடைசல் இறுகும். அதனால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். பிறகு இளக்க வேண்டுமானால் வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ருசியைக் கெடுக்கும்.

12. கத்தரிக்காய் இரண்டை நறுக்கி வேகும் பயறோடு போட்டால் கடைசல் வெண்ணெய் போலக் குழையும். முருங்கைக்கீரை ஒரு பிடி சேர்ப்பதானால் கடைந்த பிறகு போட்டு, கீரை வெந்ததும் இறக்குங்கள். பயறு சாப்பிட்டால் வாயு சேரும் என்று பயப்படுபவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கட்டும். வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

13. சோறு, ராகிக்களி, கம்மஞ்சோறு, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் பயறிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அதுவே தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறின் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

14. வெயில் காலத்தில் கடைசல் சீக்கிரம் ஊசிப்போகும். இரவுக்கு வேண்டியதை மத்தியானமே தனியாக எடுத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது லேசாகச் சூடுகாட்டினால் போதாது. கொஞ்சம் வெந்நீர் சேர்த்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். இரவு தோசைக்குத் தொட்டுக்கொள்ளத் தனியாகச் சட்னி அரைக்க வேண்டியதில்லை.