தேற்றம் நிரூபிக்கும் கணிப்பொறி: ஓர் உத்தி போதுமா?

பள்ளியில் ஜியாமிதி படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று வரிசையாக எழுதுவோம். எந்தக் கோட்டை எங்கே இழுப்பது என்று பிடிபடாமல் பாதிப் பரீட்சை நேரம் போய்விடுவதும் உண்டு. கெட்டிக்கார மாணவன் ஒரு வழியில் பத்து நிமிடம் முயல்வான். வரவில்லையென்றால் விட்டுவிட்டு வேறு வழியில் தொடங்குவான். இந்த எளிய புத்தியைக் கணிப்பொறிக்குக் கற்றுத்தரப் பல்லாண்டு பிடித்தது.

1956ல் நியூவெல், சைமன், ஷா ஆகிய மூவர் 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற நிரலை உருவாக்கினர். ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்ஸிபியா மாதமேட்டிகா'வின் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ அது நிரூபித்தது. 1965ல் ஜே.ஏ. ராபின்சன் 'ரெசல்யூஷன்' என்ற ஒரே விதியைத் தந்தார். அதைச் சற்று விளக்குவோம்.

'மழை பெய்யவில்லை அல்லது தெரு நனைந்தது' என்பது ஒரு வாக்கியம். 'மழை பெய்தது' என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தால் மழை அடிபட்டு, 'தெரு நனைந்தது' என்பது மிஞ்சும். நிரூபிக்க வேண்டியதும் அதுவே என்றால், முதலில் 'தெரு நனையவில்லை' என்று வைத்துக்கொள்கிறோம். முரண்பாடு வருகிறது, தேற்றம் நிரூபணமாகிறது.

விதி ஒன்றுதான். ஆனால் எதை எதோடு சேர்ப்பது? 10 வாக்கியங்கள் இருந்தால் 45 ஜோடிகள். 1000 இருந்தால் 4,99,500 ஜோடிகள். சேர்க்கச் சேர்க்கப் புது வாக்கியங்களும் பெருகும். இங்கேதான் உத்தி வேண்டியிருக்கிறது.

முதல் உத்தி, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் லாரி வாஸும் அவர் கூட்டாளிகளும் 1965ல் தந்தது. அடிகோள்கள் தமக்குள் முரண்படா. ஆகவே அவற்றைத் தமக்குள்ளேயே சேர்ப்பது வீண். கேள்வியிலிருந்து பிறந்த வாக்கியம் ஒன்றாவது ஒவ்வொரு ஜோடியிலும் இருக்கட்டும் என்பது அது. இரண்டாவது, சிறிய வாக்கியத்தை முதலில் எடுப்பது. நல்லதுதான், ஆனால் நிரூபணம் ஒரு நீண்ட வாக்கியத்தின் வழியே போகவேண்டியிருந்தால், அது வரிசையில் காத்துக்கொண்டே கிடக்கும். மூன்றாவது, பழையதை முதலில் எடுப்பது. எதுவும் விட்டுப்போகாது, ஆனால் மிக மெதுவானது.

அதே ஆர்கானில் வில்லியம் மக்யூன் எழுதிய 'ஆட்டர்' நிரலில் இவற்றைக் கலக்க முடிந்தது. உதாரணமாக, நான்கு முறை சிறியதை எடு, ஐந்தாம் முறை பழையதை எடு. ரேஷன் கடையில் சில்லறைச் சாமான் கேட்கும் நால்வரை அனுப்பிவிட்டு, நெடுநேரம் நிற்பவர் ஒருவரைக் கவனிப்பது போல!

இது ஒரே தேடலுக்குள் நடக்கும் கலப்பு. இன்னொரு கலப்பு, நேரத்தைப் பங்கிடுவது. ஓர் உத்திக்குக் கணக்குத் தீர்வதென்றால் பெரும்பாலும் சில வினாடிகளிலேயே தீர்ந்துவிடும். இல்லையேல் மணிக்கணக்கில் ஓடியும் பயனிராது. எனவே ஒன்றுக்கே முழு நேரத்தையும் கொடுக்காமல், பல உத்திகளுக்குச் சிறு சிறு பங்கு கொடுக்கலாம். எஸ்தோனியரான டானெல் டாமெட்டின் 'கண்டால்ஃப்' நிரல் இப்படித்தான் 1997 போட்டியில் பரிசு பெற்றது. பின்னர் 'வாம்பயர்', 'ஈ' ஆகிய நிரல்களும் இவ்வழியே சென்றன.

வெவ்வேறு நிரல்களையும் சேர்க்கலாம். 'ஈ', 'ஸ்பாஸ்', 'வாம்பயர்' மூன்றையும் ஐந்தைந்து வினாடி ஓடவிட்டால், அவற்றில் சிறந்த ஒன்றை இரண்டு நிமிடம் ஓடவிட்டதற்குச் சமமான பலன் கிடைக்கிறது என்று போமேயும் நிப்கோவும் 2010ல் காட்டினர். அவர்கள் சோதித்தது 'இஸபெல்' என்ற நிரூபணத் துணைவனில் எழும் கணக்குகளை. ஆஸ்திரேலியாவில் ஓர் இயக்கமுறைமையின் மையப்பகுதி வரையறைப்படியே இயங்குகிறது என 2009ல் நிரூபித்ததும் இதே இஸபெல்லில்தான். எனவே இது வெறும் போட்டி விளையாட்டல்ல.

எல்லாவற்றையும் வெல்லும் ஒரே உத்தி என்றாவது கிடைக்குமா? எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் நிரூபிக்க முடியுமா முடியாதா என்று தீர்த்துச் சொல்லும் பொதுமுறை கிடையாது என்று சர்ச்சும் டூரிங்கும் 1936லேயே காட்டிவிட்டனர். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் விடையை நெருங்குகிறதா, வீணே சுற்றுகிறதா என்று வெளியிலிருந்து எப்போதும் சொல்லிவிட முடியாது. அந்த நிலையில், பல வழிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அந்த மாணவன் பரீட்சை அறையில் செய்ததும் இதைத்தானே!