துருக்கியின் மஜல்லாவும் புதுவையின் பிரெஞ்சுச் சட்டமும்

துருக்கியில் ஷரீஅத் சட்டம் ஒரே நாளில் எடுபட்டுப் போனதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று.

உதுமானிய ஆட்சியில் காஜிமார்கள் ஹனஃபி கிதாபுகளைக் கொண்டு தீர்ப்பளித்தார்கள். வரி, நிலம், தண்டனை ஆகியவற்றில் சுல்தான்களின் 'கானூன்' ஆணைகளும் வழக்கில் இருந்தன. 1850-ல் பிரெஞ்சு மாதிரியில் வணிகச் சட்டம் புகுந்தது. சிவில் சட்டத்தையும் பிரான்சிலிருந்தே எடுக்கலாமென்று மந்திரிகள் சிலர் சொன்னபோது, அஹ்மத் ஜவ்தத் பாஷா அவர்கள் இணங்கவில்லை. அவர்கள் தலைமையில் கூடிய குழு 1869 முதல் 1876 வரை உழைத்து, ஹனஃபி ஃபிக்ஹை 1851 ஷரத்துகளில் 'மஜல்லா'வாக எழுதியது. வியாபாரம், வாடகை, ஜாமீன், சாட்சியம் எல்லாம் அதில் உண்டு. நிகாஹும் வராஸத்தும் இல்லை. அவை காஜிமார்களிடமே இருந்தன. அவற்றையும் சேர்த்துத் தள்ளியது 1926-ல் வந்த சுவிட்சர்லாந்துச் சட்டந்தான்.

இனி நம் புதுவைக்கு வருவோம். 1819-ல் பிரெஞ்சுக்காரர் தம் சட்டங்களை இங்கே அமுலாக்கியபோது, இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும், 'மூர்கள்' என்று அவர்கள் அழைத்த நமக்கும் அவரவர் சட்டமும் வழக்கமுமே செல்லும் என்று விட்டுவைத்தார்கள். முஸ்லிம் நாடு கைவிட்டதை, முஸ்லிமல்லாத ஆட்சி இங்கே விட்டுவைத்திருந்தது!

ஆனால் 1881-ல் ஒரு வாசலும் திறந்தார்கள். விரும்பியவர் தம் சொந்தச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் மீளமுடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்தே போவார்கள். இவர்களே 'ரெனோன்சான்' எனப்பட்டவர்கள். துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே.

இது பழங்கதையன்று. 1937-ஆம் வருட ஷரீஅத் சட்டம், கோட்டக்குப்பத்தில் வெள்ளையர் காலத்திலேயே அமுலில் இருந்தது. புதுவைக்கு 1968-ல்தான் நீட்டப்பட்டது. அப்போதும் ரெனோன்சான்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஆகவே ஒரு குடும்பத்தில் பாட்டனார் கையெழுத்திட்டிருந்தால், கோர்ட்டுக்குப் போகும்போது மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்ற பிரெஞ்சு விதி குறுக்கே வரும். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டு எழுதிய பாகப் பத்திரம் அங்கே தகராறுக்குள்ளாகும். பாகம் பிரிக்குமுன் பழைய பெட்டியிலுள்ள பிரெஞ்சுக் காகிதங்களை, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். துறவுப் பத்திரம் கிடைத்தால், வாரிசுகள் மனமொப்பி ஷரீஅத் பங்கின்படி எழுதிக்கொள்ள வழி என்ன என்பதை, சண்டை மூளுமுன்னரே ஆலிமிடமும் வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.