ஆயம் பிரியும் நாள்

சோழ நாட்டின் பழம்பதிகளுள் ஒன்றாகிய திருச்சிராப்பள்ளி, மகளிர் கல்விக்கும் பெயர் பெற்ற நகரமாகும். மலைக்கோட்டைக்கு அண்மையில் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி 1923ஆம் ஆண்டில் தோன்றியது. 1951இல் சீதாலட்சுமி இராமசுவாமி கல்லூரியும், 1984இல் காவேரி மகளிர் கல்லூரியும் எழுந்தன. பின்னும் சில தோன்றின. இந்நகரத்து மகளிர் கல்லூரி ஒன்றின் மதிலோரமாக வைகறையில் நடந்து செல்வோர் செவியில் ஓர் ஓசை விழும். அது சிமெண்டுத் தரையில் பந்து தட்டுப்படும் ஓசை.

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணிபுரிந்து, ஓய்வு பெற்றுத் திருவரங்கத்தில் வாழ்பவன் நான். வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது அத்தகைய ஓசை கேட்டால் சாளரத்தை அடைக்கச் சொல்வது என் வழக்கம். என் மகள் வயிற்றுப் பேர்த்தி திருச்சியில் ஒரு கல்லூரியிற் சேர்ந்து, "கூடைப்பந்து அணியில் என்னை எடுத்துக்கொண்டார்கள்" என்று வந்து சொன்னபோதும் நான் முகம் மலர்ந்தேன் அல்லேன். "பந்தடிப்பதும் ஒரு படிப்பா, அம்மா?" என்று கேட்டேன். அவள் சிறிதும் தளராமல், "குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிப்பதை எனக்குப் பாடம் சொன்னது யார், தாத்தா?" என்றாள். மறுமொழி கூற இயலாமல் வாய் மூடினேன்.

அவள் கூறியது மெய்யே. பந்து தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும் மகளிர் பாடும் கந்துகவரி என்னும் வரிப்பாட்டே உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியைச் சூழ்ந்து நிற்கும் தோழியர் கூட்டத்திற்கு 'ஆயம்' என்று பெயர். பந்தும் கழங்கும் பாவையும் அவ்வாயத்தின் உடைமைகள். (உறவினரைக் குறிக்கும் 'பந்து' என்னும் சொல் வேறு, அது வடசொல். இரண்டையும் ஒன்றாக்கி மேடையில் முழங்குவோர் உளர். கேட்பதற்கு இனிமையாயினும் அஃது இலக்கணமாகாது.)

எனினும், கூடைப்பந்து நம் நாட்டிற் பிறந்த ஆட்டமன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இதனை வகுத்தார். வெளியே கடுங்குளிர் நிலவிய காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழம் வைக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைவித்து, பந்தை அவற்றுள் எறியச் செய்தார். பெயர் அதனால் வந்தது. அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, தாம் பணிபுரிந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் இவ்வாட்டத்தைப் பயிற்றினார். பெண்கள் ஓடிக் களைத்துவிடுவர் என்று உலகம் அஞ்சிய காலம் அது. ஆகவே அவர் களத்தை மூன்று கூறாக்கி, அவரவர் தத்தம் கூற்றிலேயே நின்று ஆடுமாறு விதி செய்தார். 1893இல் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியர் தம்முள் பொருதபோது ஆடவர் எவரும் காண வருதல் கூடாதென விலக்கப்பட்டனர். ஒலிம்பிக் பந்தயத்தில் மகளிர் கூடைப்பந்து இடம் பெற்றது 1976இல், மாண்ட்ரியல் நகரில். ஆடவர்க்கு அவ்விடம் 1936இலேயே கிடைத்துவிட்டது.

இன்று மகளிரும் ஆடவரும் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களம் முழுவதும் ஓடி ஆடுகின்றனர். மகளிர் பந்து மட்டும் சற்றே சிறியது. களத்தில் ஓரணிக்கு ஐவர்; மாற்றாக வெளியே அமர்ந்திருப்போர் எழுவர். ஆட்டம் பத்து நிமிடப் பகுதிகள் நான்கு கொண்டது. பந்தைப் பெற்ற அணி 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு செல்லலாம். கையிற் பிடித்து நின்றுவிட்டால் மீண்டும் தட்டுதல் ஆகாது. ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றி நிற்கலாமேயன்றி, ஊன்றிய காலை நகர்த்தி அடி வைத்தல் ஆகாது. அந்நிலையில் அவளுக்கு உள்ள வழிகள் இரண்டே. தானே எறிய வேண்டும். அல்லது தோழிக்குத் தர வேண்டும்.

என் பேர்த்தி பெரும்பாலும் தருபவள். பந்தயத்தில் மதிப்பெண் ஏடு ஒன்று எழுதப்படும். யார் கூடையில் இட்டார், யார் விதி பிறழ்ந்தார் என்பன அதில் ஏறும். கூடையிட்டவளுக்குப் பந்தை அளித்தவள் யார் என்பதற்கு அவ்வேட்டில் இடமில்லை. மூன்றாண்டும் ஆடிய அவள் பெயருக்கு எதிரே எண்கள் மிகக் குறைவு என்று அறிந்து நான் உள்ளூர வருந்தியதுண்டு.

சென்ற பங்குனியில் ஒரு நாள், "நாளை எங்களுக்குப் பிரிவுபசார விழா, நீங்கள் வரவேண்டும், தாத்தா" என்று அழைத்தாள். ஒன்றாம் எண் பேருந்திலேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து சென்றேன். களத்தருகே வேப்பமர நிழலில் நாற்காலிகள் இட்டிருந்தனர். பன்னிருவர் அணியில் இறுதியாண்டினர் ஐவர். அவரே அணியின் முன்னிலை ஆட்டக்காரர். முதலில் அவ்வைவர்க்கும் இளையோர்க்கும் ஓர் ஆட்டம் நடந்தது. வென்றவர் யாரென்று எவரும் எண்ணவில்லை. இறுதியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே எறிந்த பந்து வளையத்தில் விழ, ஊதல் ஒலித்தது. பின்பு பேச்சு.

முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். முசிறிப் பக்கத்துச் சிற்றூரினள். கையிலிருந்த தாளைப் பாராமலே பேசினாள்: "நான் இங்கு வந்தபோது எனக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது. விரல் வீங்கிவிடும். இந்த அக்காதான் தினமும் விடியற்காலையில் எனக்கு ஐம்பது முறை பந்து போடுவார். ஒரு பந்தயத்தில் கடைசி நொடிகளில் அக்கா கையில் பந்து இருந்தது. அவர் எறிந்திருக்கலாம். நான் வளையத்தருகே தனியே நின்றேன் என்று எனக்குத் தந்தார். நான் தவறவிட்டேன். நாம் தோற்றோம். பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'அடுத்த முறையும் நீ தனியே நின்றால் உனக்குத்தான் தருவேன்' என்றார். அப்படியே தந்தார்." அதற்குமேல் அவளுக்குப் பேச்சு எழவில்லை. அமர்ந்துவிட்டாள். சொல்லப்பட்ட 'அக்கா' என் பேர்த்தியே. வீட்டில் அவள் இதனை ஒரு நாளும் கூறியதில்லை.

பிரியும் ஐவரின் வருங்காலத்தையும் அன்று கேட்டறிந்தேன். ஒருத்தி உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்குச் செல்கிறாள். ஒருத்தி இரயில்வேயில் விளையாட்டு வீராங்கனையர்க்குரிய இடத்திற்கு முயல்கிறாள். அது வீண் கனவன்று. இந்திய மகளிர் கூடைப்பந்தில் இரயில்வே அணி பல்லாண்டுகளாக ஓங்கி நிற்பது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக இரயில்வேயிற் பணியாற்றிக்கொண்டே இந்திய அணியில் 2000 முதல் 2017 வரை ஆடினார், அணித்தலைவியாகவும் விளங்கினார், தாயான பின்னரும் களத்திற்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் அத்தகையோர் சிலரே. மூன்றாமவளுக்கு வைகாசியில் திருமணம். நான்காமவளும் என் பேர்த்தியும் வெளியூருக்கு வேலைக்குச் செல்வர். "இனி எங்கே, ஐயா, ஆடப் போகிறோம்?" என்று மணமகளாகப் போகிறவள் என்னிடம் இயல்பாகக் கேட்டாள். அவள் கண்ணில் நீர் இல்லை; நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆடவர்க்கு வேலைக்குப் பின்னும் ஊரில் ஒரு திடலும் மாலைப்பொழுதும் கிடைக்கின்றன. பெண்களுள் பலருக்குக் கல்லூரிக் களமே கடைசிக் களமாகிவிடுகிறது. இந்நிலை நேரியதென்று எனக்குத் தோன்றவில்லை.

தலைவி தன் ஆயத்தை நீங்கித் தலைவனுடன் சென்றபின், அவள் ஆடிய பந்தும் பாவையும் வீட்டிற் கிடக்கக் கண்டு தாய் புலம்புவதாகச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். அப்பாடல்களைப் பல்லாண்டு நடத்தினேன். திணை கூறினேன், துறை கூறினேன். பந்து கிடந்தது என்பதன் பொருளை மட்டும் நின்று எண்ணினேன் அல்லேன். அன்று வேப்ப மரத்தடியில் எண்ணினேன். பண்டைத் தலைவி பந்தைப் போட்டுவிட்டுப் போனாள். இவர்களோ தாம் அணிந்த அணிச் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொணர்ந்து, ஒவ்வொன்றையும் ஓர் இளையவள் கையிற் கொடுத்தனர். என் பேர்த்தியின் ஏழாம் எண் சட்டை முசிறிப் பெண்ணுக்குச் சென்றது. அவளுக்கு அது மிகப் பெரிது, முழங்கால்வரை தொங்கிற்று. எல்லோரும் நகைத்தனர். அணித்தலைவி பந்தறைத் திறவுகோலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் தந்து, "மழைக்காலத்தில் பூட்டு இறுகும், எண்ணெய் விடு" என்றாள்.

மறுநாள் விடியுமுன் பேர்த்தி எழுந்து கூடத்தில் அமர்ந்திருந்தாள். "மூன்று வருடமாக இந்த நேரத்திற்கு விழித்த கண், தாத்தா, மூட மாட்டேன் என்கிறது" என்றாள். ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. முசிறிப் பெண்தான். "அக்கா, ஏழு பேர்தான் வந்திருக்கிறோம். ஐவருக்கு ஐவர் ஆட ஆள் இல்லை. களமே வெறிச்சென்று இருக்கிறது" என்ற குரல் எனக்கும் கேட்டது.

உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தபின், அவன் நண்பர் பொத்தியார் உறையூருக்கு மீண்டு வந்து, அரசன் இல்லாத மன்றத்தைக் கண்டு கலங்கியதைப் புறநானூறு கூறும். நெடுங்காலம் பேணிய யானையை இழந்த பாகன், அது நின்ற கூடத்தைப் பார்த்து அழுவதைத் தம் நிலைக்கு அவர் உவமையாக்கினார். அவ்வுறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. அக்களத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். இதனைப் பேர்த்திக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினேன்.

அவள் கேட்டபடியே காலணியின் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். மற்ற நால்வருள் இருவரைத் தொலைபேசியில் எழுப்பியும்விட்டாள். "நேற்றுத்தானே, அம்மா, விடை பெற்றாய்?" என்றேன்.

"தேர்வு முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே, தாத்தா" என்று சொல்லிப் பேருந்து நிலையத்தை நோக்கி ஓடினாள்.