பன்றி ஏன் வாலைக் கடிக்கிறது?



வெண்பன்றி வளர்க்கும் உறுப்பினர்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்பது இது: "தீவனம் நிறையத்தான் போடுறோம், அப்புறமும் ஏன் ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சுக் குதறுது?" பெரும்பாலும் பசியால் அல்ல, மூக்குக்கு வேலை இல்லாததால்தான்.

1980 வாக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பண்ணைப் பன்றிகளை மரமும் ஓடையும் உள்ள வேலிக்குள் விட்டுக் கவனித்தார்கள். பகலில் பெரும்பொழுது மண்ணைக் கிளறின, மேய்ந்தன. படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப்போய்ச் சாணி போட்டன. சினைப்பன்றிகள் ஈனும் முன் புல்லும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டின.

சிமெண்டு தரையில் அடைத்த பன்றிக்கும் அதே மூக்கு, அதே ஆசைதான். கிளற ஒன்றும் இல்லாதபோது பக்கத்தில் ஆடுகிற வால் கண்ணில் படுகிறது. முதலில் சும்மா சப்பும். ரத்தம் வந்துவிட்டால் மற்றவையும் கூடிவிடும். காயத்தில் கிருமி புகுந்து முதுகெலும்பு வரை சீழ் வைக்கலாம். எடை ஏறாது, விலை போகாது, தவணை மட்டும் நிற்காது.

நெரிசல், தண்ணீர்க் குறைவு, தொட்டியில் இடம் போதாமை, வெக்கை எல்லாமே கடியைத் தூண்டும். பன்றிக்கு நம்மைப் போல வியர்க்காது. கொட்டில் சூடானால் வேறு வழியில்லாமல் சாணி ஈரத்தில் புரளும். அசிங்கம் என்பது நாம் கட்டிய பேர்.

நிற்கும்போது வால் சுருண்டிருந்தால் நல்லது. பல பன்றிகள் வாலைக் காலிடுக்கில் செருகி நின்றால் உஷாராகுங்கள். கடிப்பதையும் கடிபட்டதையும் உடனே தனித்தனியே பிரியுங்கள். காயத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் வைக்கோலோ கரும்புத் தோகையோ புதிதாகப் போடுங்கள், சாணி படிந்ததை அது சீண்டாது. பழைய டயர் வேண்டாம், உள்ளே கம்பி இருக்கும்.

குட்டியிலேயே வாலை நறுக்கிவிடலாமே என்பார்கள். கடி குறையும், உண்மைதான். ஆனால் கிளறும் ஆசை போகாது, காதைக் கடிக்கப் போகும். ஸ்வீடனில் 1988-லேயே வால் நறுக்குவதைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே வைக்கோல் போட்டுத்தான் வளர்க்கிறார்கள்.

சினைக்காலம் 114 நாள். தேதியைக் குறித்து வைத்து, ஈனுவதற்கு முந்தின நாளே தாய்ப்பன்றிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்கோல் போடுங்கள், அது கூடு கட்டட்டும்.